நூற்றுக்கு இரண்டு

"கிளமென்டை நான் கூட்டிட்டு வரலைன்னா, அவரு என்ன வானத்துலேருந்தா குதிச்சாரு?"

தங்கையன் போட்ட சத்தத்தில் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மண்டி முதலாளி வீரமலை மட்டும் பார்க்கவில்லை. அவர் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து, அதன் தலைப்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வானத்துலேருந்து குதிச்சாரோ, பொன்மலையிலேருந்து சைக்கிள்ல வந்தாரோ, அவராத்தான் வந்தாரு. வாசல்ல வீடு விற்பனைக்குன்னு போர்டு தொங்குச்சு. பார்த்தாரு, வாங்கினாரு. நடுவுல நீ எங்கய்யா வந்தே?"

"அந்தப் போர்டை எழுதிக் கட்டினதே நான்தாங்க!"

"அப்ப போர்டு எழுதின கூலி எட்டணா வாங்கிட்டுப் போ. மூக்கா, தங்கையனுக்கு எட்டணா குடுத்தனுப்பு."

கணக்குப்பிள்ளை மூக்கன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கல்லாப்பெட்டியைப் பார்த்தார். தங்கையனைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே இருந்துவிட்டார். தங்கையன் முகம் அப்படி இருந்தது.

வீட்டுத் தரகன் என்றால் ஊருக்கே இளக்காரம். வாயால் பிழைக்கிறவன், நோகாமல் சம்பாதிக்கிறவன் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். பேசுகிறவர்கள் ஒரே ஒரு தடவை, சித்திரை வெயிலில், பாலக்கரையிலிருந்து எடமலைப்பட்டி புதூர் வரைக்கும் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் வீடு காட்டிவிட்டு வந்து பேசட்டும். வீரமலையின் புதூர் வீட்டைத் தங்கையன் பதினோரு பேருக்குக் காட்டியிருந்தான். ஒருவர் சமையற்கட்டு மூலை சரியில்லை என்றார். ஒருவருக்கு வீடு பிடித்தது, எதிர்வீட்டு அம்மாளைப் பிடிக்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்தவர்தான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர் கிளமென்ட். எட்டாயிரத்துக்குப் பேசி முடித்துக் கைகுலுக்க வைத்தவன் தங்கையன்.

நூற்றுக்கு இரண்டு. அதுதான் திருச்சியில் வழக்கம். பத்திரம் பதிவானதும், ரிஜிஸ்தர் ஆபீஸ் படியிலேயே, விற்றவர் தரகனைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கோடு கையில் வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எழுதி வாங்குவதில்லை. எழுதிக் கொடு என்று கேட்டால் அது முதலாளியை நம்பாத பேச்சு ஆகிவிடும். எட்டாயிரத்துக்கு நூற்றறுபது ரூபாய்.

வீரமலை என்ன செய்தார்? தங்கையன் ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்கக் குளித்தலைக்குப் போன நாளாகப் பார்த்துப் பத்திரத்தை முடித்துவிட்டார். அவன் திரும்பி வந்தபோது ரிஜிஸ்தர் ஆபீஸ் படியில் ஒரு நாய் படுத்திருந்தது.

அந்த நூற்றறுபதை நம்பித்தான் தங்கையன் தன் மனைவி ராக்கம்மாளின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தான். வட்டியும் முதலுமாக நூற்றைம்பத்தெட்டு ரூபாய். ஆவணி பத்தாம் தேதி ராக்கம்மாளின் தங்கை சந்திரம்மாளுக்குக் கல்யாணம்.

"கழுத்துல சங்கிலி இல்லாம என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகமாட்டேன்" என்று ராக்கம்மாள் சொல்லியிருந்தாள். "நான் போகாத கல்யாணத்துக்கு நீங்களும் போகக் கூடாது. அன்னைக்குப் பூரா ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்போம்."

இதைவிடப் பெரிய தண்டனையைத் தங்கையனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"எட்டணாவை நீங்களே வச்சுக்குங்க" என்றான். "கிளமென்டையே கூட்டிட்டு வரேன். அவரு வாயால கேளுங்க."

"தாராளமா கூட்டிட்டு வா" என்று வீரமலை அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, சைக்கிள் கூட்டம் வெளியே வந்தபோது, தங்கையன் வாசல் கேட்டுக்கு எதிரில் நின்று கிளமென்டைப் பிடித்தான். கிளமென்ட் நேர்மையான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரு நாள் தவறியதில்லை. நேர்மையான மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவன் கொஞ்சம் யோசித்துக் கூப்பிட வேண்டும் என்பது தங்கையனுக்கு அப்போது தெரியவில்லை.

மண்டியில் வீரமலை அவருக்குக் கலர் சோடா வரவழைத்தார்.

"தங்கையன்தான் என்னைக் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டினார்" என்றார் கிளமென்ட்.

தங்கையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"கிணத்துல பன்னெண்டு மாசமும் தண்ணி நிக்கும்னு சொன்னதும் தங்கையன்தான். வாளி இறக்கினா சேறுதான் வருது. அதையும் சொல்லிடணும்ல, நான் பொய் சொல்லமாட்டேன்."

வீரமலை சட்டென்று எழுந்து நின்றார். "ஏன்யா, என் கிணத்தைப் பத்திப் புளுக உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

"நீங்கதானே முதலாளி அப்படிச் சொல்லச் சொன்னீங்க!"

"வீட்டைக் காட்டினது நீ, வாயைத் திறந்தது நீ, நடுவுல நின்னது நீ. இப்ப கிணத்துக்கு நான் பதில் சொல்லணுமா?"

நியாயத்தைப் பாருங்கள். தரகு என்றால் நடுவில் தங்கையன் இல்லவே இல்லை. கிணறு என்றால் நடுவில் நின்றவன் தங்கையன் ஒருவன்தான்!

கிளமென்ட் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "கிணத்தைத் தூர் வாரிக் குடுத்துடு தங்கையா. அப்புறம் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து உனக்குச் சாட்சி சொல்றேன்."

இரண்டு ஆட்கள், இரண்டு நாள், பதினெட்டு ரூபாய். தங்கையனுடைய தோழனும் சக தரகருமான பரக்கத் அலியிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தான். கிணற்றில் தண்ணீர் ஊறியது. கையில் சாட்சி இருக்கிறாரே என்று ஒரு வக்கீலைப் பார்க்கப் போனான். வக்கீல் ஐந்து ரூபாயை முதலில் வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, "எழுத்துமூலமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க தொழில்ல வாய்தாங்க எழுத்து."

"வாய்க்கு ஸ்டாம்பு ஒட்ட முடியாதேப்பா. வேற ஏதாவது கிடைச்சா வா."

வாங்கிய ஐந்து ரூபாயைத் திருப்பித் தரும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைதான் தரகர்கள் கூடும் இடம். தங்கையன் அங்கே போய் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். பரக்கத் அலி அவனுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"யா அல்லா, சாட்சிக்குக் கூப்பிட்டு கிணறு வெட்டினவன் உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்."

"வெட்டலை பாய். தூர்தான் வாரினேன்."

"இதோ பாரு. இன்னைக்கு உனக்கு டிமிக்கி குடுத்தவன் நாளைக்கு எனக்கும் குடுப்பான். அவனைப் பார்த்து ஊரே குடுக்கும். நாம எல்லாம் கடையைக் கட்டிட்டுப் போகவேண்டியதுதான். வாய்தானே நம்ம எழுத்து? அந்த வாயைத் திற. அவன் கடை வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கத் திற. மானம் போனா பணம் தானா வரும்."

தங்கையனுக்கு அது நியாயமாகப் பட்டது. உழைத்த காசைக் கேட்க என்ன வெட்கம்? கடன் கேட்கிறவன் அல்லவா குரலைத் தாழ்த்த வேண்டும்? கூலி கேட்கிறவன் ஏன் தாழ்த்த வேண்டும்?

மறுநாள் காலை பத்து மணிக்கு, மார்க்கெட் நெருக்கித் தள்ளும் நேரத்தில், மண்டி வாசலில் சைக்கிளை நிறுத்தினான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க! எட்டாயிரத்துக்கு வீடு வித்த வீரமலை எனக்குச் சேரவேண்டிய நூத்தி அறுபது ரூபாயைக் குடுக்கலை! நான் பிச்சை கேக்கலை! என் கூலியைக் கேக்கறேன்! குடுக்க வக்கில்லைன்னா வக்கில்லைன்னு சொல்லட்டும்!"

கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். கூடையைத் தலையில் வைத்திருந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். உள்ளே வீரமலையின் மச்சான் அழகிரி, துறையூரிலிருந்து வந்தவர், காபி தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவர் தங்கையனைப் பார்த்தார், வீரமலையைப் பார்த்தார், பாதிக் காபியைக் கீழே வைத்தார்.

"மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வீரமலை தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் தங்கையனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சொந்த மச்சான் எதிரில் மானம் போய்விட்டதே! இன்னும் இரண்டே நாள், பணம் வந்துவிடும் என்று ராக்கம்மாளிடம் சொன்னான்.

வரவில்லை. அடுத்த நாளும் போய்க் கத்தினான். அன்று வேட்டி சட்டையில் ஐந்தாறு பெரிய மனிதர்கள், கோயில் திருப்பணிக் கமிட்டிக்காரர்கள், மண்டிப் படியேறிக்கொண்டிருந்தார்கள். தங்கையன் அவர்களையும் விடவில்லை.

"நீங்க பெரியவங்க. நீங்களே கேளுங்க. நூத்தி அறுபது ரூபா! ஒரு ஏழைத் தரகனோட நூத்தி அறுபது ரூபா!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல்படியில் நின்றவர் கீழ்ப்படிக்கு வந்தார். ஒருவர் தங்கையன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நியாயம் தன் பக்கம்தான் என்று தங்கையனுக்கு ஒரு தெம்பு வந்தது. குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

மூன்றாம் நாள் மண்டி வாசலில் வெயில் படாத இடமாகப் பார்த்து ஒரு சாக்கு விரித்திருந்தது. மூக்கன் ஒரு டீயைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

"தொண்டை கட்டிக்கப் போகுது, குடிங்க தங்கையண்ணே."

"லஞ்சமா?"

"டீங்க."

"நாளைக்கும் வருவேன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லு!"

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஏன், அந்த நேரம் பார்த்து ஆளு ஓடி ஒளியவா? சரியாப் பத்து மணிக்கு வருவேன். தைரியம் இருந்தா உள்ளே இருக்கச் சொல்லு."

மறுநாள் பத்து மணிக்கு வீரமலை உள்ளேதான் இருந்தார். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். என்ன நெஞ்சழுத்தம்! தங்கையன் பதினைந்து நாள் கத்தினான். அவன் தொண்டை தேய்ந்து தவளைக் குரல் ஆயிற்று. வீரமலையிடமிருந்து ஒரு காலணா பெயரவில்லை.

"கடையில கத்தினா இவனுக்கு உறைக்காது பாய்" என்றான் பரக்கத் அலியிடம். "வீட்டுக்கே போறேன். வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி வச்சுக் கேக்கறேன்."

வீரமலையின் சொந்த வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில். தங்கையன் காவேரிப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துப் போனபோது வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றுகொண்டிருந்தது. முசிறியிலிருந்து வீரமலையின் சம்பந்தியம்மாள் பவுனம்மாள், மகன் மருமகளோடு வந்திருந்தாள். கூடத்தில் பாய் விரித்துப் பலகாரம் வைத்திருந்தார்கள். தங்கையன் வாசற்படியில் நின்றான்.

"வீரமலை முதலாளி! பெண்ணைக் கட்டிக் குடுத்த சம்பந்தி முன்னாடி கேக்கறேன்! என் நூத்தி அறுபது ரூபா என்னாச்சு? பதினைஞ்சு நாளா நான் தெருவுல நின்னு கத்தறேன். உங்களுக்கு ரோசம் இல்லையா?"

பவுனம்மாள் கையில் எடுத்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஐயோ சம்பந்தி! நூத்தி அறுபது ரூபாய்க்கா இவ்வளவு கேவலம்? இவ்வளவு பணமுடையா இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வீரமலை மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அதைப் பார்த்துத் தங்கையனுக்கே ஒரு நிமிஷம் மனசு கேட்கவில்லை. வந்த கார் கால் மணி நேரத்தில் கிளம்பிப் போயிற்று. பணம் வரும் என்று தங்கையன் வாசலில் காத்திருந்தான். மாலையில் முசிறியிலிருந்து வண்டியில் இரண்டு மூட்டை அரிசி வந்து இறங்கியது. சம்பந்தி வீட்டு உதவியாம்! அதை உள்ளே தூக்கி வைக்க ஆள் இல்லை என்று ஒரு கை பிடிக்கச் சொன்னார்கள். தங்கையன் மரியாதைக்காக ஒரு கை பிடித்தான்.

அதிலிருந்துதான் காற்று திசை திரும்பியது. வீரமலை நொடிந்துபோய்விட்டார், சம்பந்தி வீட்டு அரிசியில்தான் அடுப்பெரிகிறது என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. மூட்டை தூக்கும் பிச்சமுத்து தங்கையனை மறித்து நின்று கேட்டான்:

"உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்காய்யா? வாழ்ந்து கெட்ட மனுசனைத் தினமும் இப்படியா சந்தியில இழுப்பே?"

"அவரு எப்பய்யா கெட்டாரு? எட்டாயிரம் வாங்கி வச்சிருக்காருய்யா!"

"இருந்தா உன் நூத்தி அறுபதைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டாரா? இந்த வசவையா கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு?"

இருபது நாளாக அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

பாலக்கரை சேக் மைதீன் தம்முடைய கடை வீட்டை விற்றுத் தரும்படி தங்கையனிடம் சொல்லியிருந்தார். ஆவணியில் முடிந்தால் இருநூறு ரூபாய் நிச்சயம். அவர் டீக்கடைக்கே வந்து வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"நீ நல்ல ஆளுதான் தங்கையா. ஆனா ரெண்டு நாள் தாமசமாச்சுன்னா என் வீட்டு வாசல்லயும்ல வந்து நிப்பே. எங்க வீட்டுல பொண்ணுங்க இருக்கு."

தூண்டிவிட்ட பரக்கத் அலிகூட டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விட்டுடுப்பா. இல்லாதவன்கிட்டப் போய் என்னத்தைக் கேக்கறது?"

ராக்கம்மாளும் தன் சுருக்குப் பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நாமதான் அந்த மனுசனுக்கு ஏதாவது குடுக்கணும் போல இருக்கு" என்றாள்.

தங்கையனுக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏமாந்தவன் இவன், ஊர் அனுதாபம் அவனுக்கு! கிணற்றுக்குப் பதினெட்டு, வக்கீலுக்கு ஐந்து, போன பார்ட்டி ஒன்று, போன தொண்டை ஒன்று. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அன்று இரவு படுக்குமுன் ஒரு முடிவுக்கு வந்தான்.

"சைக்கிளைப் பாய்க்குக் குடுத்துடறேன் ராக்கு. நூத்திப் பத்துக்கு எடுத்துக்குவாரு. மீதிக்கு எங்கேயாவது புரட்டி உன் சங்கிலியை மீட்டுடறேன்."

"சைக்கிள் இல்லாம எப்படிங்க வீடு காட்டுவீங்க?"

"நடந்து காட்டுவேன். கால் என்னுது. அதுக்கு எவன்கிட்டயும் கமிஷன் கேக்க வேண்டியதில்லை."

சங்கிலி வேண்டாம் என்று சொல்ல ராக்கம்மாளின் வாய் திறந்தது, ஆனால் தங்கச்சி கல்யாணம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டது.

சைக்கிளைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை அதிலேயே காந்தி மார்க்கெட்டுக்குப் போனான். இந்தத் தடவை அவன் கத்தவில்லை. நேரே உள்ளே போய் வீரமலைக்கு எதிரில் நின்றான்.

"முதலாளி, நல்லாக் கேட்டுக்குங்க. நூத்தி அறுபது ரூபா எனக்கு வேண்டாம். இன்னைக்கு நீங்களா கையில திணிச்சாலும் வேண்டாம். செத்துப்போச்சுன்னு நினைச்சு நேரா அம்மா மண்டபத்துக்குப் போய் காவேரியில தலை முழுகப் போறேன். இனிமே இந்தக் கடைப் பக்கம் என் நிழல்கூட வராது. உங்ககிட்ட இருக்கிறது பணம். என்கிட்ட இருக்கிறது வாக்கு. எது பெரிசுன்னு வச்சுப் பாருங்க!"

வீரமலையின் கையிலிருந்த வெங்காயம் நழுவி உருண்டு மூக்கனின் கணக்கு மேஜைக்கடியில் போயிற்று.

"யோவ்... தங்கையா... உக்காருய்யா, கோவப்படாதே..."

தங்கையன் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் தாண்டி, மாம்பழச்சாலை தாண்டி, ஒரே மிதியில் போனான்.

ஆடியில் வந்த புதுவெள்ளம் இன்னும் வடியாமல் அம்மா மண்டபத்துப் படிகளில் பாதியை விழுங்கியிருந்தது. படியோரம் தர்ப்பையும் எள்ளுமாக உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர் தங்கையன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு? அப்பாவுக்கா, அம்மாவுக்கா?" என்று விசாரித்தார்.

"நூத்தி அறுபது ரூபாய்க்குங்க சாமி."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கெல்லாம் மந்திரம் கிடையாது. மனசார மூணு முழுக்குப் போடுங்கோ, போறும். ரங்கநாதன் பார்த்துப்பான்."

தங்கையன் சட்டையைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டிவிட்டு இறங்கினான். முதல் முழுக்கில் பதினோரு பார்ட்டிகளையும் தலை முழுகினான். இரண்டாவதில் கிணற்றை முழுகினான். மூன்றாவதில் வீரமலையை மூச்சு முட்டும் வரைக்கும் முழுகிவிட்டுத் தலையைத் தூக்கினால், எதிரில் படியில் வீரமலையே நின்றுகொண்டிருந்தார்.

வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ரோட்டில் அவர் வந்த ஜட்கா நின்றது. பக்கத்தில் மூக்கன் குடை பிடித்திருந்தார். வீரமலை இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், பிறகு மடியை அவிழ்த்தார்.

"மேலே வாய்யா. இந்தா. பத்து ரூபா நோட்டு பதினாறு. எண்ணிப் பாரு."

"எனக்கு வேண்டாம். நான் முழுகியாச்சு."

"முழுகினது போகட்டும்யா. இது உன் உழைப்பு. கிணறு தூர் வாரின பதினெட்டும் இதுல தனியா இருக்கு. பிடிய்யா, கையைக் கட்டிக்கிட்டு நிக்காதே!"

தங்கையனுக்குக் காதை நம்ப முடியவில்லை. ஈரக்கையைத் துண்டில் துடைத்தான். வாங்கிக்கொள்ளலாமா என்று ரோசம் ஒரு பக்கம் தடுத்தது. மறுபக்கம் ராக்கம்மாளின் வெறுங்கழுத்து நின்றது. கழுத்துதான் ஜெயித்தது. ஆனால் சும்மா வாங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

"வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க முதலாளி. நூத்துக்கு ரெண்டுங்கறது நீங்க போடற பிச்சை இல்லை. ஒருத்தன் கால் தேய நடந்த கூலி. இதைக் குடுக்காம ஏய்ச்சா எந்த வீட்டு வாசல்லயும் நின்னு கேப்போம். கோயில் வாசல்லயும் நின்னு கேப்போம். தரகனுக்கு முதுகெலும்பு இருக்குன்னு இன்னைக்காவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுய்யா, நல்லாப் புரிஞ்சுது" என்று வீரமலை தலையாட்டிக்கொண்டே படியேறினார். ஜட்காவில் ஏறி, முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கையன் படியில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணினான். பதினாறும் இருந்தது. பதினெட்டும் இருந்தது. எண்ணி முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தான். இன்றைக்கே சங்கிலியை மீட்க வேண்டும். அதற்குமுன் சைக்கிளை ஒரே மிதியாக மிதித்து ரிஜிஸ்தர் ஆபீஸ் டீக்கடைக்குப் போக வேண்டும். அத்தனை தரகர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சு மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். ஒற்றை ஆளாக நின்று வீரமலையைப் பணிய வைத்த கதையைப் பிச்சமுத்துவுக்கும், சேக் மைதீனுக்கும், ஊருக்கே சொல்ல வேண்டும்!

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினான். மூக்கன் குடையோடு குறுக்கே வந்தார். அவர் ஜட்காவில் போகாமல் நின்றுவிட்டிருந்தார்.

"என்ன மூக்கா? ரசீது வேணுமா?"

"ரசீதே வேண்டாம்னுட்டாரு முதலாளி. பணம் வந்ததை மட்டும் ஒரு ஈ காக்காய்க்கும் சொல்லிடாதீங்க தங்கையண்ணே."

"ஏன், வெக்கமா இருக்காமா அவருக்கு? நான் சொல்லத்தான் போறேன்!"

மூக்கன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடையைத் தாழ்த்தி, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"வெக்கமாவது! வீடு வித்த பணம் கையில இருக்குன்னு தெரிஞ்சு கடன் கேக்க வந்த மச்சான், நன்கொடை கேக்க வந்த கமிட்டி, மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேக்க வந்த சம்பந்தி, ஒருத்தர்கூட உங்க சத்தத்தைக் கேட்டப்புறம் வாயைத் திறக்கலைண்ணே. அதனால நாளையிலேருந்து தை பொறக்கற வரைக்கும் வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்து கத்திட்டுப் போங்க, நாளுக்கு ரெண்டு ரூபா, டீ தனி!"